134 அடியும் 133 அடியும்



போன தை மாதம் என் பள்ளித் தோழன் ஒருவன் மனைவியோடு எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தான். புதுச்சேரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். படிப்பு முடிந்ததும் அவன் பிரான்சுக்குக் கப்பலேறினான், நான் சுசீந்திரத்துக்கு ரயிலேறினேன். அவன் மனைவி பிரெஞ்சுக்காரி. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் கோயிலைப் பார்த்தார்கள். சாயங்காலம் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கும்போது நண்பன் கேட்டான்:

"மொன் வியே, பழசெல்லாம் பார்த்தாச்சு. இவளுக்குப் புதுக் கலை பார்க்கணுமாம். இந்தப் பக்கத்தில் நவீனமா ஏதாவது இருக்கா?"

'மொன் வியே' என்றால் 'என் கிழவா' என்று செல்லமாகக் கூப்பிடுவது. பதினைந்து வயதிலேயே அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். இப்போதுதான் பொருத்தமாக இருக்கிறது.

நான் யோசிக்காமல் சொன்னேன்: "இங்கே என்னப்பா நவீனம்? அதுக்கு நீ சென்னைக்குப் போகணும்."

இரவு சாப்பாடு பரிமாறும்போது இதை வீட்டம்மாவிடம் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏன், அந்த வள்ளுவரு நிக்காருல்லா? அது என்ன பழசா? நம்ம கண்ணு முன்னாடி கெட்டினதுதானே?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. இருபத்தைந்து வருஷமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற ஒன்றை, 'அரசு வைத்த சிலை' என்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். அது ஒரு கலைப்படைப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதற்கு என் படிப்பும் ஒரு காரணம், என் வேலையும் ஒரு காரணம். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

தபால்காரர் கட்டிய மாளிகை

அப்பா புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் கணக்கெழுதினார். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த சமயம், நான் அங்கே பிரெஞ்சு எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்தேன். பூகோளம், சரித்திரம், கணக்கு எல்லாம் பிரெஞ்சில்தான். லுவார் நதியின் கிளை நதிகள் எனக்குத் தெரியும். பழையாறு எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியாது.

ஒரு வாத்தியார் 'திக்தே' எழுத வைப்பார். அவர் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். அப்படி ஒரு நாள் எழுதியதுதான் தபால்காரர் ஷெவாலின் கதை. ஷெவால் என்றால் பிரெஞ்சில் குதிரை. 'குதிரைத் தபால்காரர்' என்று வகுப்பே சிரித்தது. ஆனால் கதை சிரிப்பில்லை. 1836-இல் பிறந்த அந்த மனிதர் ஓட்ரீவ் என்ற கிராமத்தில் நடந்தே தபால் கொடுப்பவர். 1879-இல் ஒரு நாள் வழியில் ஒரு கல் தடுக்கியது. கல்லின் உருவம் விசித்திரமாக இருக்கவே, எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இன்னும் சில. பிறகு கைவண்டியில் கொண்டு வந்தார். 33 வருஷம் தன்னந்தனியாகக் கட்டி, 1912-இல் ஒரு மாளிகையை முடித்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. 1969-இல் பிரெஞ்சு அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

அந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: இப்படிப்பட்ட அதிசயமெல்லாம் பிரான்சில்தான் நடக்கும். பதினேழு வயதில் ஊருக்குத் திரும்பி வந்தபோது அந்த எண்ணத்தையும் கூடவே கொண்டுவந்தேன்.

நம் கோபுரமும் ஒரு காலத்தில் புதியதுதான்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் கோபுரத்துக்கு ஏழு நிலை, உயரம் 134 அடி என்று கணக்குச் சொல்வார்கள். அடித்தளம் 16-ஆம் நூற்றாண்டில் போட்டது. கோபுரம் முழுதாக எழுந்து முடிந்தது 1888-இல். இடையில் முந்நூறு வருஷத்துக்கு மேல். அது முடிந்த அடுத்த வருஷம் பாரிசில் எஃபேல் கோபுரம் திறந்தார்கள். ஒன்று நமக்குப் புராதனம், மற்றது நவீனம். வயதென்னவோ ஒரு வருஷ வித்தியாசம்.

உள்ளே அலங்கார மண்டபத்தில் இசைத்தூண்கள் இருப்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான்கு தூண் கூட்டங்கள். வடபக்கத்து இரண்டில் 24 சிறு தூண்கள் வீதம், தென்பக்கத்து இரண்டில் 33 சிறு தூண்கள் வீதம், ஒவ்வொரு கூட்டமும் ஒரே கல்லில் செதுக்கியது. தட்டினால் ஒன்றில் தம்புரா போல, ஒன்றில் மிருதங்கம் போல, ஒன்றில் ஜலதரங்கம் போல ஓசை வரும். முதன்முதலில் ஒரு கல்தச்சர், 'இந்தக் கல்லைப் பாட வைக்கிறேன்' என்று சொன்ன நாளில் அதைக் கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? தபால்காரர் ஷெவாலைப் பார்த்து ஊர் நினைத்ததைத்தான் நினைத்திருப்பார்கள்.

செய்த நாளில் எல்லாமே புதுக்கலைதான். செய்தவன் பெயர் மறந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பிறகுதான் அதைப் பழங்கலை என்கிறோம்.

எண்ணைக் கல்லாக்கியவர்கள்

கன்னியாகுமரிக் கடற்கரையில் ஐம்பது வருஷத்துக்குள் மூன்று பெரிய கட்டுமானங்கள் எழுந்தன. மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் ஒரு சங்கதி புலப்படும்.

முதலாவது காந்தி மண்டபம். 1948 பிப்ரவரியில் முக்கடலில் கரைப்பதற்காகக் கொண்டுவந்த காந்தியடிகளின் அஸ்தியை மக்கள் வணங்குவதற்கு வைத்த இடத்தில், 1956-இல் கட்டி முடித்தது. நடுக்கோபுர உயரம் 79 அடி. அவர் தமது 79-ஆவது வயதில் மறைந்தார் என்பதால் அந்த அளவு. ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று நண்பகலில் கூரைத் துளை வழியாகச் சூரிய ஒளி அஸ்தி இருந்த பீடத்தில் விழும்படி அமைத்தார்கள். அன்றைக்குப் போய் நின்று பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இரண்டாவது விவேகானந்தர் பாறை நினைவாலயம். ஏக்நாத் ரானடே முன்னின்று, ஊர் ஊராக மக்களிடம் நன்கொடை திரட்டி, 1970 செப்டம்பரில் திறந்தது. அதன் ஸ்தபதி எஸ்.கே. ஆச்சாரி.

மூன்றாவதுதான் வள்ளுவர். 38 அடிப் பீடம். அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். பீடத்தின் மேல் 95 அடிச் சிலை. பொருட்பாலின் 70, இன்பத்துப்பாலின் 25. கூட்டினால் 133. நான் முப்பத்தைந்து வருஷம் கூட்டல் கழித்தல் போட்டுப் பிழைத்தவன். அந்தக் கணக்கின் அழகு எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். பொருளும் இன்பமும் அறத்தின் மேல் நிற்க வேண்டும் என்பதை ஒரு சொல்கூட எழுதாமல் அளவுகோலாலேயே சொல்லிவிட்டார் ஸ்தபதி.

நம் கோபுரம் 134, வள்ளுவர் 133. இதைச் சொன்னபோது நண்பன், "தாணுமாலயனுக்கு மரியாதை கொடுத்து ஓர் அடி குறைச்சிட்டாரா?" என்றான். இல்லை, அதிகாரக் கணக்கு அப்படி அமைந்தது. ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நிற்க வைத்தவர்

சிலையைச் செய்தவர் வை. கணபதி ஸ்தபதி. 1927-இல் பிள்ளையார்பட்டியில் சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்தவர். தந்தை வைத்தியநாத ஸ்தபதிக்குப் பிறகு மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1976-இல் திறந்த சென்னை வள்ளுவர் கோட்டத்தின் கல்தேரும் அவர் வேலைதான். 2009-இல் பத்மபூஷண் கிடைத்தது. 2011-இல் காலமானார்.

அவர் முன்னால் இருந்த சிக்கல்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

நாம் எல்லோரும் பாடப்புத்தகத்திலும் பேருந்திலும் பார்த்து வளர்ந்த வள்ளுவர் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த படம். அதில் அவர் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்த உருவத்தைப் பெரிதாக்குவது எளிது. அடி அகலம், கனம் தரையில் பரவிவிடும். கணபதி ஸ்தபதி அவரை எழுந்து நிற்க வைத்தார். அதோடு விடாமல், இடுப்பில் ஒரு சின்ன வளைவும் வைத்தார். நடராசர் திருமேனியில் காண்கிற நெளிவின் சாயல் அது. ஓர் அடி உயர வெண்கலத்தில் அந்த வளைவு எளிது. 95 அடிக் கல்லில், உப்புக்காற்று நான்கு திசையும் அடிக்கிற பாறையின் மேல், அது வேறு சங்கதி. தூணாக நின்றால் கனம் நேராக இறங்கும். இடுப்பை ஒடித்தால் மேலே இருக்கும் அத்தனை கனமும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். அதைக் கணக்குப் போட்டு நிறுத்த வேண்டும்.

முகம் மட்டும் 10 அடி. தோள் அகலம் 30 அடி. இடக்கையில் இருக்கும் சுவடி 10 அடி. வலக்கையில் மூன்று விரல்கள் அறம், பொருள், இன்பத்தைக் காட்டும். பீடத்து மண்டபத்தைச் சுற்றி எட்டுத் திக்குக்கும், மேலுக்கும் கீழுக்குமாகப் பத்து யானைகள். உள்ளே அதிகாரத்துக்கு ஒன்றாக 133 குறள்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். அந்த மண்டபத்துக்கும் அலங்கார மண்டபம் என்றே பெயர், நம் இசைத்தூண் மண்டபத்தைப் போலவே.

மொத்தக் கனம் ஏறத்தாழ 7,000 டன். கற்கள் 3,681. அதில் பெரும்பங்கு, சுமார் 5,000 டன், அம்பாசமுத்திரத்துக் கல். கன்னியாகுமரியிலும் அம்பாசமுத்திரத்திலும் சங்கராபுரத்திலுமாக 150 பேருக்கு மேல் செதுக்கினார்கள். சில கற்கள் 15 டன்னுக்கும் மேல். சாரம் கட்ட 18,000 சவுக்குக் கம்புகள். செதுக்கிய ஒவ்வொரு கல்லையும் கடல் தாண்டிக் கொண்டுபோய், மேலே ஏற்றி, அதனதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். கரையில் செதுக்கியது பாறையில் பொருந்தாவிட்டால் திரும்ப ஒரு படகு.

நண்பனின் மனைவிக்கு இதை விளக்கும்போது அமெரிக்கச் சுதந்திர தேவி சிலையை உதாரணம் சொன்னேன். 1886-இல் திறந்த அந்தச் சிலையைச் செய்தவர் பிரெஞ்சுக்காரர் பார்த்தோல்டி. உள்ளே எஃபேல் அமைத்த இரும்புக் கூடு. வெளியே செப்புத் தகடு, கனம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. எலும்பின் மேல் தோல் போர்த்தியது போல. நம் வள்ளுவர் அப்படியல்ல. கல்லின் மேல் கல் அடுக்கி எழுப்பியது. உள்ளே வெற்றிடம், சுற்றிலும் கல். ஒரு கோபுரத்தைக் கட்டுகிற நுட்பத்தை எடுத்து ஒரு மனிதனைக் கட்டியிருக்கிறார்கள். இதற்கு முன்மாதிரி கிடையாது. அந்த அம்மாள் நோட்டில் ஒரு கோபுரம் வரைந்து, அதற்குப் பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு மனிதனை வரைந்தார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பத்திரிகை சொன்ன நவீனம்

இதை நாங்கள் ஏன் நவீனக் கலையாகப் பார்க்கவில்லை? அந்த நாளில் நவீனம் என்றால் பத்திரிகைகளில் வேறு பெயர்கள் அடிபட்டன. சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1959-இல் மெரினாவில் உழைப்பாளர் சிலையை நிறுத்தினார். நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டும் சிலை. அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஓவியர்களையும் சிற்பிகளையும் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தைத் தொடங்கினார். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, அங்கேயே வீடு கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி உருவங்கள் செய்தார். சாமிக்குக் கவசம் தட்டுகிற வேலைதான் அது. கோயில் வேலையை எடுத்து அவர் புதுச்சிற்பம் செய்தார். அது நவீனக் கலை. கணபதி ஸ்தபதியும் கோயில் வேலையை எடுத்துத்தான் இதுவரை இல்லாத ஒன்றைச் செய்தார். அது 'அரசு சிலை'. அவரைக் கலைஞர் என்று சொல்லாமல் ஸ்தபதி என்று சொன்னதால் நேர்ந்த கோளாறு இது. இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

தூங்கிய கோப்பு

வள்ளுவர் சிலைக்கு 1979 ஏப்ரலில் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். வேலை தொடங்கியது 1990 செப்டம்பரில். பதினொரு வருஷம். பிறகும் ஆட்சி மாற மாற வேலையின் வேகம் மாறியது. திறந்தது 2000 ஜனவரி 1.

பதினொரு வருஷம் ஒரு வேலை எப்படித் தூங்கும் என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். எழுத்தராக இருந்த எனக்கு அதில் ஆச்சரியமில்லை. கோப்பைத் தூங்கவைக்க யாரும் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஓர் ஒழுங்கான ஆள், தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அப்படி ஒழுங்கான ஆளாக நான் இருந்த கதை ஒன்று உண்டு. எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

1998 என்று நினைக்கிறேன். சிலை வேலை மும்முரமாக நடந்த காலம். நான் அப்போது இருந்த அலுவலகத்துக்கு அறுபது வயதுக்காரர் ஒருவர் மனு கொடுக்க வந்தார். அம்பாசமுத்திரத்துப் பக்கம். கல் வேலை. கல்தூசி நெஞ்சில் ஏறி மூச்சு விடக் கஷ்டப்பட்டார். இரண்டு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி பேசுவார். நகக்கண்ணில் வெள்ளையாகத் தூசி. மருத்துவ உதவித்தொகை கேட்டு மனு. நான் விதியைப் படித்துப் பார்த்து, எங்கே, எத்தனை காலம் வேலை பார்த்தார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தெற்கே கையைக் காட்டினார். "வேல பாத்த எடம் அந்தா கடலுக்குள்ள எந்திரிச்சு நிக்கில்லா சார். அதவிட என்ன சாட்சி சார் வேணும்?"

"அதெல்லாம் சரி, காகிதம் வேணும்" என்றேன்.

மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி வந்தார். முத்திரை இல்லை என்று திருப்பினேன். மூன்றாம் முறை அவர் வரவில்லை. சில மாதம் கழித்து அந்த மனுவுக்கு 'எல்.டிஸ்.' போட்டு முடித்தேன். எங்கள் அலுவலக வழக்கில் அதற்குப் பொருள், கொஞ்ச காலம் வைத்திருந்து பிறகு அழித்துவிடலாம் என்பது. விதிப்படி நான் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கும் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

சண்டிகரில் திறந்த கோப்பு

இதை எழுதும்போது நேக் சந்த் நினைவுக்கு வருகிறார். தேசப் பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். என்னைப் போல அரசாங்கச் சம்பளக்காரர். பிரெஞ்சுக் குடிமகனான லெ கொர்புசியே திட்டமிட்ட அந்த நகரத்துக்காகப் பழைய கிராமங்களை இடித்தார்கள் அல்லவா, அந்த இடிபாடுகளை, உடைந்த பீங்கானை, வளையல் துண்டுகளை, மின்சாரச் சாமான்களின் ஓடுகளை எல்லாம் சைக்கிளில் சேகரித்து, 1957 வாக்கில் அரசு வனப்பகுதியில் ஒரு பள்ளத்தில் யாருக்கும் தெரியாமல் சிற்பத் தோட்டம் அமைக்கத் தொடங்கினார். பகலில் வேலை, இரவில் இது. ஏறக்குறைய பதினெட்டு வருஷம்.

1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அரசு நிலம். அனுமதியில்லை. விதிப்படி இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் மக்கள் ஆதரவும் சேர்ந்துகொள்ள, நிர்வாகம் அதை 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்தோடு அந்தத் தோட்டத்தையே பொறுப்பாகக் கொடுத்து, கூட வேலை செய்ய 50 பேரையும் தந்தது. 1984-இல் பத்மஸ்ரீ. அவர் 2015-இல் மறைந்தார்.

அந்த நிர்வாகத்திலும் என்னைப் போல ஓர் எழுத்தர் இருந்திருப்பார். குறிப்பு எழுதியிருப்பார். காகிதத்தை மட்டும் பார்க்காமல், தலையை நிமிர்த்தித் தோட்டத்தையும் பார்த்துவிட்டு எழுதியிருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன்.

கண்ணாடிப் பாலத்தின் மேல்

மறுநாள் மூவரும் குமரிக்குப் போனோம். முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது. விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடுவார்கள். இப்போது அந்தக் குறை இல்லை. சிலையின் வெள்ளிவிழாவை ஒட்டி, 2024 டிசம்பர் 30 அன்று இரு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார்கள். நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர், செலவு 37 கோடி ரூபாய். காலுக்குக் கீழே கடல் தெரிகிறது. என்னைப் போன்றவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறோம். பிள்ளைகள் குதிக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தப் பாறையின் மேல் மோதியது. நம் கடற்கரை ஊர்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். சிலை அசையவில்லை. ஆனால் தினமும் அடிக்கிற உப்புக்காற்று சுனாமியை விடப் பொல்லாதது. சத்தமில்லாமல் கல்லுக்குள் ஏறும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சாரம் கட்டிச் சிலையைக் கழுவுகிறார்கள். பிறகு காகிதக் கூழை உடம்பு முழுக்க அப்புகிறார்கள். அது காய்ந்து உப்பை உறிஞ்சியதும், எடுத்துவிட்டு ரசாயனப் பூச்சு பூசுகிறார்கள். கல்லை வாழ வைக்கிறது காகிதம். என் கையில் இருந்த காகிதத்துக்கு அந்தப் புத்தி இல்லாமல் போனது.

நண்பனின் மனைவி சிலையின் காலடியில் நின்று நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். கல்லும் கல்லும் சேருகிற இடத்தை விரலால் தடவினார். பிறகு என்னிடம் கேட்டார்: "வடிவமைத்தவர் பெயர் சொன்னீர்கள். இதைச் செதுக்கிய கைகள் யாருடையவை?"

கணபதி ஸ்தபதிக்குப் பெயர் கிடைத்தது, விருது கிடைத்தது, அது நியாயம். எஸ்.கே. ஆச்சாரி பெயரைத் தேடினால் கிடைக்கும். செதுக்கிய மற்றவர்கள்? நானூறு ஐநூறு வருஷத்துக்கு முந்தைய இசைத்தூண் சிற்பியின் பெயர் தெரியவில்லை என்றால், காலம் அழித்துவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். 1998-இல் என் மேசைக்கு எதிரே நின்றவர் பெயர் ஏன் தெரியவில்லை? அந்தப் பெயரை நானே என் கையால் கோப்பின் மேல் எழுதினேன். இன்றைக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கையெழுத்து வாங்கி வந்த மேஸ்திரியின் பெயர்கூட நினைவிருக்கிறது. அவர் பெயர் இல்லை.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். 'முத்திரை இல்லை என்று திருப்பினேன்' என்பதை எந்த மொழியில் சொன்னாலும் நன்றாக இல்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. நண்பன் என் தோளில் கை வைத்து, "வா, மொன் வியே, படகு வந்துட்டு" என்றான்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். வள்ளுவர் சிலையிலோ, பாறை நினைவாலயத்திலோ, காந்தி மண்டபத்திலோ கல் சுமந்தவர்கள், செதுக்கியவர்கள், சாரம் கட்டியவர்கள், படகு ஓட்டியவர்கள் யாராக இருந்தாலும், பெயரும் ஊரும் என்ன வேலை என்பதும் எழுதி வைக்கிறேன். விசாரித்ததில் இதுவரை நான்கு பேர் கிடைத்திருக்கிறார்கள். இருவர் காலமாகிவிட்டார்கள், பிள்ளைகள் சொன்னார்கள். இருவர் இருக்கிறார்கள், ஒருவருக்குக் கண் தெரியவில்லை.

வாசிக்கிற உங்களில் பலர் இந்த மாவட்டத்துக்காரர்கள், திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அத்தாட்சி எதுவும் வேண்டாம். பெயர் போதும்.